பில் எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி

பில்லக்காவின் வலது கால் ஆடத் தொடங்கினால் அவள் மேசை மேலிருக்கும் தண்ணீர் டம்ளரும் சேர்ந்து கிணுகிணுக்கும். பக்கத்து மேசைக்காரன் அதற்கு ஓர் அளவு வைத்திருந்தான். மாதக் கடைசி என்றால் லேசான சத்தம். தணிக்கைக்காரர்கள் வந்தால் டம்ளர் ஒரு விரல்கடை நகரும். இந்த மாதமோ முதல் தேதியிலிருந்தே டம்ளர் மேசை விளிம்புவரை போய்ப் போய் வந்தது.

"அக்கா, பூகம்பம் உங்க டேபிளுக்கு மட்டுமா, இல்ல ஊருக்கேவா?" என்றான் அவன். தலையை வாராமல் ஒரு பில்லையும் கையில் எடுக்க மாட்டான் என்பதால் ஆபீசில் அவனுக்குச் சீப்பு என்று பெயர்.

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு."

"மரத்துப்போன காலா இந்த ஆட்டம் ஆடுது? நல்ல காலா இருந்தா பில்டிங்கே போயிருக்கும்போல."

அவள் சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தாள்.

அது ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் கம்பெனி. கீழே இரும்புக் குழாய் வளைக்கும் சத்தம், மேல்மாடியில் கணக்குப் பிரிவு. பில்லக்கா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பத்தொன்பது வயதில் ஜெராக்ஸ் எடுக்கவும் தாள்களைக் கோப்பில் போடவும் இங்கே வந்தாள். யாரிடமும் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் கோப்பில் போடுகிற ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுத்தான் போடுவாள். மூன்று வருடம் இப்படிப் போனது. ஒருநாள் பில்லில் இருநூறு குழாய் என்று இருந்தது, கிடங்குச் சீட்டில் நூற்றிருபது என்று இருந்தது. மேனேஜர் அறை வாசலில் அரைமணி நேரம் நின்றாள். சொல்ல வாய் வரவில்லை. மேனேஜர் எழுந்து வெளியே போன நேரத்தில் இரண்டு தாளையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கமாக வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். மறுவாரம் அவளை பில் மேசையில் உட்கார வைத்தார்கள். அதோடு இருபத்திரண்டு வருடம். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாகும்.

வேலை சொல்லுவதற்குச் சுலபம்தான். நாம் கொடுத்த ஆர்டர், சரக்கு வந்ததற்குக் கிடங்கு எழுதிய சீட்டு, விற்றவர் அனுப்பிய பில். மூன்றும் ஒத்துப்போனால் பணம் போகும், போகாவிட்டால் போகாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது. தாள்கள் குரலை உயர்த்திப் பேசுவதில்லை.

பதினைந்து வருடம் முன்னால் கம்ப்யூட்டர் வந்தது. பழைய புரோகிராம். ஒரே விற்பனையாளரின் ஒரே பில் எண்ணை இரண்டாம் முறை அடித்தால் 'ஏற்கெனவே உள்ளது' என்று சிவப்பில் சொல்லி நின்றுவிடும். நல்ல காவல்தான். ஆனால் ஒரு பில்லுக்குப் பாதிப் பணம் இன்று, மீதிப் பணம் அடுத்த மாதம் என்று கொடுக்கிற வழக்கமும் கம்பெனியில் இருந்தது. மீதியை எப்படி அடிப்பது? எவரோ ஒருவர் எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். புரோகிராம் அதைப் புதுப் பில் என்று நினைத்து ஏற்றுக்கொண்டது. மூன்றாம் தவணைக்கு இரண்டு புள்ளி. அப்படியே அது பழக்கமாயிற்று. மேலதிகாரிகளுக்குத் தெரியாது, மறைத்ததாகவும் இல்லை. செருப்பை எங்கே கழற்றி விடுகிறோம் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லையே, அதுபோல.

ஆறு வருடம் முன்னால் ஒரு புதன்கிழமை. மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. பில்லக்கா கட்டில் சக்கரம் விற்பவரின் பில் ஒன்றை எடுத்தாள். எண் 4471. அடித்தாள். 'ஏற்கெனவே உள்ளது' என்றது. தபாலில் வந்த பில்லுக்கு முழுப்பணம் போயாகிவிட்டது, இது அவர் ஆளிடம் கொடுத்தனுப்பிய நகல் என்று நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நின்று பார்க்கவில்லை. விரல் தானாகப் போய்ப் புள்ளியை வைத்தது. முப்பத்தெட்டாயிரம் இரண்டாம் முறையும் போனது.

இரண்டு மாதம் கழித்துக் கோப்பு கட்டும்போது கண்ணில் பட்டது. மேடத்தின் அறை வாசல்வரை போனாள். மேடம்தான் புதிதாக வந்த கணக்கு மேனேஜர், போனில் இருந்தார். பில்லக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். சக்கரக்காரரைக் கூப்பிட்டாள். அவர் நல்ல மனிதர். "ஐயோ, நான் அட்வான்ஸுன்னு நெனச்சுட்டேம்மா. திருப்பித் தந்துடறேன்" என்றார்.

"தாள் ஏதும் வேணாம்ங்க. அடுத்த பில்லுல தள்ளுபடின்னு கழிச்சுருங்க, போதும்."

மூன்று பில்களில் முப்பத்தெட்டாயிரமும் கழிந்தது. கம்பெனிக்கு ஒரு காசு நட்டமில்லை. மூன்று பில்களின் எண்ணையும் கழித்த தொகையையும் ஒரு சின்னத் தாளில் எழுதிப் பர்சில் வைத்துக்கொண்டாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் சக்கரக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். மகன் தொழிலை விற்றுவிட்டு வேறு ஊர் போய்விட்டான். இப்போது அவளுக்குச் சாட்சி அவள் எழுதிய அந்தத் தாள் மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் புது மென்பொருள் வந்தது. இனிமேல் பில்லை விற்பவரே கம்ப்யூட்டரில் ஏற்றுவார். மெஷின் படித்து, மூன்றையும் ஒத்துப்பார்த்து, பச்சை காட்டினால் பணம் நேராக வங்கிக்குப் போகும். சிவப்பு வந்தால் மட்டும் மனிதர்கள் பார்த்தால் போதும். அதை நிறுவ வந்தவர் கழுத்தில் அட்டை தொங்க ஒரு மெல்லிய மனிதர். எதைச் சொன்னாலும் "நோட்டட்" என்பார். இரண்டாம் நாளே ஆபீசில் அதுவே அவர் பெயராயிற்று.

முதல் கூட்டத்தில் நோட்டட் கேட்டார்: "பழைய சிஸ்டத்துல நீங்களா கண்டுபிடிச்சு வெச்சிருக்கிற குறுக்குவழி ஏதாவது உண்டா? சொன்னா நல்லது."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சீப்பு சொன்னான், "குறுக்குவழியா? எங்களுக்கு நேர் வழியே தெரியாது சார்."

"நோட்டட்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பில்லக்காவுக்கு மட்டும் புள்ளி ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து அவர் சொன்னதில்தான் அவள் கால் ஆடத் தொடங்கியது. "ஏழு வருஷத்துப் பழைய பில் எல்லாத்தையும் உள்ளே ஏத்தறோம். பன்னெண்டாம் தேதி ஒரு ஓட்டம் விடுவோம். ரெண்டு தடவ பணம் போன பில் எதுவா இருந்தாலும் அதுவே புடிச்சுக் குடுத்துரும்."

பன்னிரண்டு நாள். வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ண மறந்தாள். பூட்டிய கதவை இரண்டு தரம் வந்து இழுத்துப் பார்த்தாள். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் உட்கார முடியவில்லை. பில் மேசையில் மூன்று பேர் வேண்டாம், ஒருவர் போதும் என்று வேறு பேச்சு அடிபட்டது. பட்டம் படித்த சீப்பு எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். எட்டாவது படித்தவளை, அதுவும் ஒரு கரும்புள்ளியோடு, எவன் சேர்ப்பான்? மகளுக்கு இன்னும் இரண்டு வருடக் காலேஜ் பாக்கி.

"அம்மா குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திட்டே இருக்காங்கப்பா" என்றாள் மகள்.

"ஆபீசுல மெஷின் வருதில்ல. அதான் பயம்" என்றார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் டெய்லி மெஷினோட பேசறேன். எங்கிட்ட கேளு, நான் சிபாரிசு பண்றேன்."

அவள் எழுந்து போய்க் குக்கரை இறக்கினாள்.

பன்னிரண்டாம் தேதி எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் பெரிய திரை. நோட்டட் ஒரு பட்டனை அழுத்தினார். ஒரு பட்டை மெதுவாக நிரம்பியது. பில்லக்கா பர்சைப் பிடித்த பிடியில் அதன் வார் விரலில் தடம் போட்டுவிட்டது.

பட்டியல் வந்தது. அறுபத்தொரு ஜோடி, ஒரே விற்பனையாளரை இரண்டு பெயரில் பதிந்திருந்ததால் பழைய புரோகிராமின் கண்ணில் தப்பியவை. நோட்டட் மெல்ல உருட்டிக் காட்டினார். 4398. 4420. 4503.

4471 இல்லை.

முதலில் அவளுக்கு மூச்சு விட வந்தது. அறையின் விளக்கு, தண்ணீர் பாட்டில், மேடத்தின் மூக்குக் கண்ணாடி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. பிறகு மெதுவாக இன்னொன்று உறைத்தது. மெஷின் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கிறது. அதற்கு 4471 ஒரு பில். புள்ளி வைத்த 4471 வேறொரு பில். பழைய புரோகிராமை ஏமாற்றிய புள்ளி இதையும் ஏமாற்றிவிட்டது.

"சூப்பர் மெஷின்க்கா" என்றான் சீப்பு, வெளியே வரும்போது. "இனிமே நீங்களும் நானும் காலாட்டிட்டு ஒக்காந்திருக்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கு."

தப்பித்தோம் என்று இருக்க வேண்டியதுதானே? இருப்புக் கொள்ளவில்லை. முன்பு பயம் ஒன்றுதான் இருந்தது, இப்போது மெஷினுக்குப் புள்ளி தெரியாது என்ற விஷயமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டே வேலைக் கதை சொன்னார். "நேத்து ஒரு பில்டிங்ல பாரு, கதவு மூடாமயே லிஃப்ட் கெளம்புது. திறந்து பாத்தா எவனோ சென்சார் வயரை குறுக்கால கட்டி வெச்சிருக்கான். அன்னிக்கு ஏதோ அவசரம் போல. கட்டினவன் மறந்துட்டுப் போயிட்டான். அதுல ஏறினவன் காலு போயிருக்கும்."

"கட்டினவர என்னங்க பண்ணுவீங்க?"

"மொதல்ல கட்டை அவுப்போம். அப்புறம்தான் அவனைத் திட்டுவோம்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உனக்கு எதுக்கு அந்தக் கவலை? உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஆணி கோணலா போகுது, பாருங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை லாரி ஆபீஸ் குமாஸ்தா வந்தார். புது மென்பொருளின் சோதனை ஓட்டத்துக்குப் பத்து விற்பனையாளர்களைச் சேர்த்திருந்தார்கள், லாரி வாடகைக்காரரும் அதில் ஒருவர். நிஜப் பணம் திங்கட்கிழமை முதல்தான் போகும். குமாஸ்தாவுக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா, நல்ல மெஷின்க்கா! பில்லை ஏத்தினேன், ஸ்க்ரீன் அப்படியே நின்னுபோச்சு. போச்சோ இல்லியோன்னு மறுபடி ஏத்தினேன். 'ஏற்கெனவே உள்ளது'ன்னுச்சு. சரி, ஒரு புள்ளி வெச்சுப் போடுவோம்னு போட்டேன். டக்குன்னு பச்சை!"

"ரெண்டும் பச்சையா?"

"ரெண்டும் பச்சை."

"புள்ளி வைக்க உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் சிரித்தார். "நல்லா இருக்கே! நீங்கதானேக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி போன்ல சொன்னீங்க, மீதிப் பணத்துக்குப் புள்ளி வெச்சு அனுப்புங்கன்னு. எங்க ஆபீசுல எல்லாரும் இப்ப அப்படித்தான்."

சரக்குக்காவது கிடங்குச் சீட்டு உண்டு. வாடகைக்கும் ரிப்பேருக்கும் சீட்டு ஏது? அங்கே எண் ஒன்றுதான் காவல். இத்தனை நாளும் அந்த எண்ணுக்குப் பின்னால் அவள் கண் இருந்தது. திங்கட்கிழமை முதல் இருக்காது. குமாஸ்தா நல்லவர். எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்களா? புள்ளி ஆபீசை விட்டு வெளியே நடந்து ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதற்கு வழி காட்டியது அவள்.

அவர் போன பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் நோட்டட் விதியை மாற்றுவார். மாற்றினால் மறுபடி ஓட்டுவார். ஓட்டினால் 4471 வரும். இதில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. புள்ளியை மட்டும் சொல்லி 4471-ஐ விட்டுவிட முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். மெஷின் சொல்லித் தெரிவதற்கும் தான் சொல்லித் தெரிவதற்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரிந்தது. எழுந்தாள்.

"டம்ளர் கீழ கெடக்கு, மிதிச்சுராதீங்க" என்றான் சீப்பு.

கூட்ட அறையில் மேடமும் நோட்டட்டும் இருந்தார்கள். கதவு திறந்திருந்தது. பழையபடி வாசலில் நின்றாள். கையில் இரண்டு தாள் இருந்தால் மேசையில் பக்கத்தில் பக்கமாக வைத்துவிட்டு வந்திருப்பாள். இப்போது எல்லாம் திரைக்குள்ளே இருந்தன. வைக்கத் தாள் இல்லை. வாயால்தான் சொல்ல வேண்டும்.

"மேடம், அந்த லிஸ்ட் தப்பு."

இருவரும் திரும்பினார்கள். அவள் குரலைக் கேட்டே நாளாகியிருக்கும்.

"எந்த லிஸ்ட்டுங்க?" என்றார் நோட்டட்.

"அறுபத்தொண்ணு இல்ல. நிறைய இருக்கும். நாங்க நம்பருக்குப் பின்னாடி புள்ளி வைப்போம். மெஷின் அதை வேற பில்லுன்னு நெனைக்குது. லாரி ஆபீஸ் பில் இன்னிக்கு ரெண்டு பச்சை வந்திருக்கு, பாருங்க."

நோட்டட் "நோட்டட்" என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டினார். இரண்டு பச்சையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நின்றன. அவர் காது சிவந்தது. "எண்ணும் எழுத்தும் தவிர மத்த எல்லாத்தையும் உதறிட்டு ஒத்துப்பார்க்கச் சொல்றேன். ஒரு நிமிஷம்."

பட்டை நிரம்பியது. பழைய அறுபத்தொன்று போக, புதிதாக நானூற்றுப் பன்னிரண்டு ஜோடி.

"கடவுளே" என்றார் மேடம்.

"பாதிக்கு மேல தவணையாக் குடுத்த பாகப் பணம்தான் மேடம். அதுல தப்பில்ல. பிரிச்சு எடுக்கணும்." பில்லக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அதுல நாலாயிரத்து நானூத்தி எழுபத்தொண்ணு இருக்கும். அது பாகப் பணம் இல்ல. அது நான் பண்ணினது."

பர்சைத் திறந்து தாளை எடுத்தாள். ஆறு வருடத்தில் மடிப்பு நைந்து நாலு துண்டாகப் பார்த்தது. மேடம் அதை மேசையில் விரித்து, மூன்று பில்லையும் ஒவ்வொன்றாகத் திரையில் எடுக்கச் சொன்னார். தள்ளுபடி, தள்ளுபடி, தள்ளுபடி. கூட்டினார். முப்பத்தெட்டாயிரம்.

"பணம் வந்துருச்சு" என்றார் மேடம். "ஆனா வந்ததுக்குத் தாள் இல்ல. நாளைக்கு ஒருத்தன், நீங்களும் சக்கரக்காரரும் சேர்ந்து ஏதோ பண்ணினீங்கன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"தெரியல மேடம்."

"அப்பவே எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வந்தேன் மேடம். உங்க ரூம் வாசல்ல நின்னேன். நீங்க போன்ல இருந்தீங்க."

"ஆறு வருஷமாவா போன்ல இருந்தேன்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். தலைமை ஆபீஸ் முடிவு சொல்லும்வரை பில் பாஸ் செய்யும் உரிமை கிடையாது, பார்க்க மட்டும்தான் என்றார். பிறகு, குரல் மாறாமலே, "இந்த நானூத்திப் பன்னெண்டையும் பிரிக்க வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் மேடம்."

"அப்ப ஒக்காருங்க."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள், முதலிலிருந்து. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "எங்கிட்டக்கூடச் சொல்லலியே" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். கொஞ்சம் கழித்து, "கட்டை அவுத்துட்டல்ல?" என்றார்.

"அவுத்துட்டேன்."

"இனிமே திட்டுவாங்க. வாங்கிக்கோ."

பத்து நாள் திட்டு வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் நானூற்றுப் பன்னிரண்டையும் பிரித்தாள். முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று பாகப் பணம். பதினெட்டு, யாரும் அறியாமல் இரண்டு முறை போன பணம், அதில் ஏழு சீப்பு வைத்த புள்ளி. பாக்கி ஒன்று அவளுடையது. சீப்பு இரண்டு நாள் தலை வாரவில்லை. "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காதுக்கா" என்றான். கோபமா நன்றியா என்று அவனுக்கே தெரியவில்லை போலும். திரையில் அவளுடைய 'பாஸ்' பட்டன் சாம்பல் நிறமாகக் கிடந்தது. பழக்கத்தில் அதை அழுத்துவாள், அது அசையாது. கால் ஆடியது.

பதினோராம் நாள் காலையில் மேசை மேல் கவர் இருந்தது. பிரித்தாள். நடைமுறையை மீறியதற்காகவும் மேலதிகாரிக்குத் தெரிவிக்காததற்காகவும் எச்சரிக்கை, ஆறு மாதத்துக்கு பில் பாஸ் செய்யும் உரிமை நிறுத்தம். வேலையில் தொடரலாம். பில் மேசைக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் முதல் எச்சரிக்கை. இரண்டு தரம் படித்தாள். 'தொடரலாம்' என்ற சொல்லை மூன்றாம் தரமும் படித்தாள்.

பதினோரு மணிக்குத் தபாலில் அவளுக்கு இன்னொரு கவர் வந்தது. சீப்பு முகம் வெளிறிப்போய்ப் பார்த்தான். பிரித்தாள். அதே கடிதம், அதே தேதி, அதே எண். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அவள் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் இருக்கும் பணியாளர் நிர்வாகப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்தவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னம்மா?" என்றார்.

"இது ரெண்டு தடவ வந்திருக்கு சார். ஒரே நம்பர்."

"ஓ, கையிலயும் குடுத்துட்டு தபால்லயும் போட்டுட்டாங்களா? பரவால்ல. ஒண்ண கிழிச்சுப் போட்டுருங்க."

"கிழிக்கக் கூடாதுங்க சார்" என்றாள் பில்லக்கா. ஒன்றை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "திருப்பி வாங்கிட்டேன்னு எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க."

அவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். அவள் வாசலுக்குப் போகவில்லை. அவர் பேனா தேடி எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.